வெற்றியும் வரும்படியும்

வெற்றி எங்கேயோ செல்வமும் அங்கேதான் என்பது நம்மவரிடையே ஊறிப்போன ஓர் எண்ணம். தோட்டத்துத் திடலில் மாலைப் பந்தாட்டம் முடிந்து, ஆடியவர்களும் பார்த்தவர்களும் கூடிப் பேசும்பொழுது, சீமைக் கோஷ்டிகளைப் பற்றிய பேச்சு வராத நாள் இல்லை. 'கோப்பையை வென்றுவிட்டார்கள், இனி அந்த முதலாளிக்கு என்ன குறை?' என்று ஒருவர் சொல்லுவார், மற்றவர்கள் ஆமோதிப்பார்கள். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே நம்பியிருந்தோம். ஆனால், தோட்டத்து ஆபீசில் கிராணியாயிருந்து செக்ரோலையும் செலவுக் கணக்கையும் பல வருஷம் புரட்டிய பின்னர், விளைச்சல் வேறு, லாபம் வேறு என்பது நமக்கு விளங்கலாயிற்று. காடு கொள்ளாமல் விளைந்த வருஷத்தில் விலை சரிந்து நஷ்டம் காண்பதுண்டு; சொற்பம் விளைந்த வருஷத்தில் கை நிறைவதும் உண்டு. விளையாட்டுத் திடலிலும் இதே விதி செல்லுமோ என்று ஆராயப் புகுந்தோம். அங்ஙனம் நாம் கண்ட ஒரு கோஷ்டியின் சரித்திரத்தை ஈண்டு எடுத்துரைப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழ்ப்பகுதியிலுள்ள பெருநகரங்களுள் பிலடெல்பியா ஒன்று. அந்நாட்டார் பெரிதும் போற்றும் ஆட்டம் பேஸ்பால். ஒருவன் பந்தை எறிய, எதிரி அதைத் தடியால் அடித்துவிட்டு, நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி மீண்டால் ஓர் ஓட்டம் கணக்காகும். கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு என்னலாம். அங்கே மேல்நிலைச் சங்கங்கள் இரண்டு. ஒவ்வொரு வருஷமும் இரண்டிலும் முதலிடம் பெற்ற கோஷ்டிகள் இறுதியில் ஒன்றோடொன்று பொருதும். அதனை உலகத் தொடர் என்பர்.

1901-ஆம் வருஷம் இரண்டாவது சங்கமாகிய அமெரிக்கன் லீக் மேல்நிலைக்கு உயர்ந்தபொழுது, பிலடெல்பியாவில் 'அத்லெட்டிக்ஸ்' என்னும் கோஷ்டி பிறந்தது. அதை நடத்த வந்தவர் கோனி மாக். ஐரிஷ் குடியேறிகளின் மகனாக 1862-ல் பிறந்து, சிறு பிராயத்திலேயே ஆலை வேலைக்குப் போனவர் அவர். 1901 முதல் 1950 வரை ஐம்பது வருஷம் ஒரே கோஷ்டியை நடத்தினார். மற்ற நிர்வாகிகள் ஆட்டக்காரரின் உடுப்பை அணிந்திருக்க, இவரோ கோட்டும் கழுத்துப் பட்டியுமாய்ப் பலகையில் அமர்ந்து, கையிலிருந்த குறிப்புத் தாளை அசைத்தே தம் ஆட்களை இடம் மாற்றி நிறுத்துவார். அவரே கோஷ்டியின் உரிமையாளருள்ளும் ஒருவராயிருந்தார். ஆட்டத்தைத் தவிர அவருக்கு வேறு பெருஞ்செல்வம் இல்லை. வாயிலில் டிக்கட்டு விற்று வரும் காசுதான் கோஷ்டிக்கு முதல். இதை நேயர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

அவருடைய இளமையில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1879 முதல் பேஸ்பால் முதலாளிகள் ஆட்டக்காரரைத் தங்களோடு பிணைத்துக்கொள்ளும் ஒரு விதியை ஏற்படுத்திக்கொண்டனர். ஒரு கோஷ்டியிற் சேர்ந்தவன், வருஷ ஒப்பந்தம் முடிந்த பின்னும், முதலாளி விட்டாலன்றி வேறிடம் போக முடியாது. முதலாளியோ அவனை எங்கு வேண்டுமானாலும் விற்கலாம். இதனை எதிர்த்து 1890-ல் ஆட்டக்காரர் பலர் கிளம்பித் தங்களுக்கென ஒரு தனிச் சங்கம் கண்டனர். அக்கிளர்ச்சியிற் சேர்ந்து, பபலோ நகரத்துக் கோஷ்டியில் தம் சேமிப்பையும் போட்டவர்களுள் கோனி மாக் ஒருவர். ஒரே வருஷத்தில் அச்சங்கம் முறிந்தது; போட்ட பணமும் போயிற்று. அன்று பிணைப்பை எதிர்த்த அதே கரம்தான் பின்னாளில் ஆட்டக்காரரை விற்கும் பத்திரங்களிற் கையெழுத்திட்டது.

நிற்க, கோஷ்டியின் முதல் ஏற்றத்தைக் காண்போம். 1910, 1911, 1913 ஆகிய மூன்று வருஷங்களிலும் அத்லெட்டிக்ஸ் உலகத் தொடரை வென்றது. 1914-லும் சங்கத்தில் முதலிடம் அதற்கே. ஆனால் இறுதித் தொடரில் பாஸ்டன் நகரத்துக் கோஷ்டியிடம் நான்குக்குப் பூச்சியம் என்று தோற்றது. வாயிற் கணக்கைப் பார்த்தால் வியப்பாயிருக்கிறது. 1913-ல் சொந்தத் திடலில் ஆட்டம் காண வந்தோர் ஏறத்தாழ 5 லட்சத்து 70 ஆயிரம் பேர். மறு வருஷம் அதே கோஷ்டி, அதே முதலிடம். வந்தவர்களோ 3 லட்சத்து 46 ஆயிரம் பேர்தான். வியாபாரம் மந்தித்த வருஷம் என்பர் சிலர். எப்படியும் வெல்லப்போகிறார்கள் என்று தெரிந்த ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்ப்பானேன் என ஜனங்கள் சலித்தனர் என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையாயிருக்கலாம்.

வரும்படி குறைந்த அதே வேளையிற் செலவு ஏறியது. 1914-ல் பெடரல் லீக் என்னும் புதிய போட்டிச் சங்கம் தோன்றிப் பெருஞ்சம்பளம் காட்டி ஆட்டக்காரரை அழைத்தது. பிணைத்து வைத்திருந்த கயிறு தளர்ந்தவுடன், வென்ற கோஷ்டியின் ஆட்களுக்கு அன்றோ முதலிற் கிராக்கி உண்டாகும்? பந்தெறிவதில் வல்லவர் இருவர் அங்கே போயினர். எட்டி காலின்ஸ் என்னும் பெயர்பெற்ற வீரரை மாக் 50,000 டாலருக்குச் சிக்காகோவுக்கு விற்றார். 1915-ல் கோஷ்டி வென்ற ஆட்டம் 43, தோற்றது 109. 1916-ல் வென்றது 36, தோற்றது 117. 1915 முதல் 1921 வரை ஏழு வருஷம் இடையறாது கடைசி இடம். முதலிடத்திலிருந்து கடைசி இடத்துக்கு ஒரே வருஷத்தில் இறங்கிய இக்காட்சியைக் கண்ட அபிமானிகளின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! 1915-ல் திடலுக்கு வந்தவர் ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லை.

மாக் சோர்ந்துவிடவில்லை. பொறுமையாய் இளைஞர்களைத் தேடிப் பழக்கினார். லெப்டி குரோவ், மிக்கி காக்ரேன், ஆல் சிம்மன்ஸ், ஜிம்மி பாக்ஸ் என்னும் நால்வரும் அவரிடத்தில் ஒன்றுசேர்ந்தனர். 1929-ல் 104 ஆட்டங்களையும், 1930-ல் 102 ஆட்டங்களையும் வென்று, இரு வருஷமும் உலகத் தொடரைக் கைப்பற்றினர். 1931-ல் இன்னும் மேலாக 107 ஆட்டங்களை வென்றனர். உலகத் தொடரை மட்டும் ஓர் ஆட்டத்தில் இழந்தனர். இனி வாயிற் கணக்கைப் பாருங்கள். 1929-ல் வந்தோர் 8 லட்சத்து 39 ஆயிரம். 1930-ல் 7 லட்சத்து 21 ஆயிரம். 1931-ல் 6 லட்சத்து 27 ஆயிரம். வெற்றியின் எண்ணிக்கை உச்சிக்கு ஏற, காண வந்தோரின் எண்ணிக்கை படிப்படியாய் இறங்கிற்று. 1932-ல் 94 ஆட்டங்களை வென்று இரண்டாமிடம் பெற்றும், வந்தவர் 4 லட்சத்துச் சொச்சம்; 1933-ல் 3 லட்சத்துக்கும் கீழ்.

காரணம் யாது? முதற்காரணம் யாவரும் அறிந்ததே. 1929 அக்டோபர் 14-ஆம் நாள் அவர்கள் உலகத் தொடரை வென்றார்கள். அதே மாதக் கடைசியில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. ஆலைகள் மூடின, வேலையிழந்தவன் டிக்கட்டுக்குப் போவானா, ரொட்டிக்குப் போவானா?

இரண்டாவது காரணம் சட்டத்தைச் சார்ந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் 1794-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று ஞாயிற்றுக்கிழமையில் உலகியல் தொழில் எதையும் செய்யலாகாது என்று தடுத்திருந்தது. 1926 ஆகஸ்டு மாதத்தில் அத்லெட்டிக்ஸ் ஒரே ஒரு ஞாயிறு துணிந்து ஆடிப் பார்த்தது. 1927-ல் மாநிலத்தின் மேல் நீதிமன்றம், பணத்துக்கு ஆடும் பேஸ்பாலும் உலகியல் தொழிலே என்று தீர்த்துவிட்டது. வாரத்தில் ஆறு நாள் உழைக்கும் தொழிலாளிக்கு ஓய்வென்பது ஞாயிறு ஒன்றே. அந்த ஒரு நாளில் திடலின் கதவு அடைத்துக் கிடந்தால், அவன் எந்நாள் வருவான்? 1933 நவம்பரில் நகர மக்கள் ஓட்டுப் போட்டு இத்தடையை நீக்கினர். 1934 முதல் ஞாயிறு ஆட்டம் நடந்தது. ஆனால் அதற்குள் வீரர்களிற் பாதிப்பேர் விலைபோய்விட்டனர்.

1932 செப்டம்பரில் சிம்மன்ஸ் வேறிருவரோடு சிக்காகோவுக்குச் சுமார் ஒரு லட்சம் டாலருக்கும், 1933 டிசம்பரில் காக்ரேன் டெட்ராய்ட்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கும், குரோவ் வேறிருவரோடு பாஸ்டனுக்கு ஒன்றேகால் லட்சம் டாலருக்கும், 1935 டிசம்பரில் பாக்ஸ் அதே பாஸ்டனுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் டாலருக்கும் விற்கப்பட்டனர். கோஷ்டி மீண்டும் அடித்தளத்துக்குப் போயிற்று. 1935 முதல் 1946 வரையுள்ள பன்னிரண்டு வருஷங்களில் ஒன்பது முறை கடைசி இடம். அக்காலத்தில் அவர்கள் காசை எப்படி எண்ணினார்கள் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். திடலின் வலப்புறச் சுவருக்கு அப்பாலிருந்த வீட்டுக்காரர் தங்கள் கூரைமேல் பலகை போட்டு, காசு வாங்கிக்கொண்டு ஆட்டம் காட்டினர். கோஷ்டியார் வழக்காடித் தோற்று, 1935-ல் பன்னிரண்டு அடிச் சுவரை முப்பத்து நான்கு அடியாக உயர்த்திவிட்டனர். முன்னர் உள்ளே பேரழகாய் ஆட்டம் நடந்தபொழுது சுவர் தாழ்ந்திருந்தது; பார்க்கத் தக்க ஆட்டம் குன்றிய பின்னர்ச் சுவர் உயர்ந்தது!

விலைபோனவர்கள் போன இடத்திலும் நமக்கொரு பாடம் உண்டு. காக்ரேன் டெட்ராய்ட்டுக்குத் தலைவராகி, 1934-ல் சங்கத்தில் முதலிடமும் 1935-ல் உலகத் தொடரும் வென்று தந்தார். அங்கே 1933-ல் 3 லட்சத்துச் சொச்சமாயிருந்த கூட்டம் 1934-ல் 9 லட்சத்தைத் தாண்டி, 1935-ல் 10 லட்சத்தையும் மிஞ்சியது. அதுவும் அதே பஞ்ச காலந்தான். டெட்ராய்ட்டும் ஆலை நகரந்தான். இதிலிருந்து நாம் அறிவதென்ன? ஜனங்களை இழுப்பது வெற்றியன்று, வெற்றியின் புதுமை. நேற்றுவரை தோற்றவன் இன்று வெல்வானோ என்னும் ஆவலே காசைக் கொடுக்கச் செய்கிறது. ஆவல் தீர்ந்த இடத்திற் கூட்டம் கலைகிறது. சம்பளமோ ஏறிய இடத்திலேயே நிற்கிறது. முதலிடத்துக்குப் போட்டியிட்டுச் சற்றுப் பின்தங்கி முடிக்கும் கோஷ்டியே முதலாளிக்கு லாபம் தரும், ஏனெனில் கூட்டமும் வரும், சம்பள உயர்வும் கேட்கமாட்டார்கள் என்று கோனி மாக் கருதியதாக ஒரு பேச்சு நெடுநாளாய் வழங்கி வருகிறது. அவர் சொன்னாரோ இல்லையோ, அவருடைய கணக்குப் புத்தகம் அதைத்தான் சொல்கிறது.

பணம் கொடுத்து வாங்கியவனாவது வென்றானா எனின், அதுவும் இல்லை. பாஸ்டன் கோஷ்டியை 1933-ல் வாங்கிய டாம் யாக்கி பரம்பரைச் செல்வர். குரோவையும் பாக்ஸையும் அவரே வாங்கினார். ஆயினும் 1946 வரை அவர் கோஷ்டி சங்கத்தில் முதலிடம் பெறவில்லை. 1976-ல் அவர் காலமாகும் வரை உலகத் தொடர் ஒன்றும் கைகூடவில்லை.

நியூயார்க் யாங்கீஸ் ஒன்றே வெற்றியையும் வரும்படியையும் ஒருசேரக் கண்டது என்பர். உண்மைதான்; ஆனால் அங்கே 1919 முதலே ஞாயிறு ஆட்டம் சட்டப்படி நடந்தது. நாட்டிலேயே மிகப் பெரிய நகரம் அது. பேப் ரூத் என்னும் வீரரைப் பாஸ்டனிடமிருந்து வாங்கிய பின், 1920-ல் பத்து லட்சம் பேருக்கு மேல் திடலுக்கு வந்தனர். அவ்வருஷம் யாங்கீஸ் முதலிடம் பெறவில்லை; அது பெற்றது 1921-ல். கூட்டம் வெற்றிக்கு முன்பே வந்துவிட்டது!

பிலடெல்பியாக் கோஷ்டி 1955-ல் கான்சாஸ் நகரத்துக்கும், 1968-ல் மேல்கரையிலுள்ள ஓக்லந்துக்கும் குடிபெயர்ந்தது. சார்லி பின்லி என்பவர் உரிமையாளராயிருக்க, 1972, 1973, 1974 என மூன்று வருஷம் தொடர்ந்து உலகத் தொடரை வென்றது. இம்முறையும் வாயிற் கணக்கு பழைய கதையையே சொல்லிற்று. 1972-லும் 1974-லும் பத்து லட்சம் பேர்கூட வரவில்லை.

இதற்கிடையே ஆட்டக்காரர் கட்டும் அறுந்தது. கர்ட் பிளட் என்னும் நீக்ரோ சமூகத்து வீரர், தம்மைக் கேளாமலே வேறு நகரத்துக்கு மாற்றியதை 1969-ல் ஏற்க மறுத்து, தாம் விற்று வாங்கும் சரக்கல்லர் என்று வழக்குத் தொடுத்தார். 1972-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்வும் முடிந்தது. ஆனால் 1975 டிசம்பரில் ஒரு மத்தியஸ்தர் தந்த முடிவினால், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாய் நின்ற பிணைப்பு விதி தளர்ந்து போயிற்று. ஒப்பந்தக் கூலி முறையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு, இச்செய்தியின் பொருளை எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை. அவ்வீரர்கள் பெற்ற சம்பளமும் நம் முன்னோர் பெற்ற கூலியும் மலையும் மடுவும் போன்றவை. எனினும், விட்டுப்போக உரிமையில்லாதவன் சம்பளம் பேச உரிமையில்லாதவன் என்னும் நியாயம் இரண்டிடத்தும் ஒன்றே.

இனி ஆட்கள் சும்மா போய்விடுவார்களென்று கண்ட பின்லி, 1976 ஜூனில் இருவரைப் பாஸ்டனுக்குத் தலைக்குப் பத்து லட்சம் டாலருக்கும், ஒருவரை நியூயார்க்குக்குப் பதினைந்து லட்சம் டாலருக்கும் விற்க முயன்றார். சங்கங்களின் தலைமை அதிகாரி அவ்விற்பனையை ரத்துச் செய்தார். ஆயினும் பயனென்ன? ஆட்கள் கலைந்தனர், 1977-ல் கோஷ்டி தன் பிரிவிற் கடைசி, 1979-ல் வருஷம் முழுதும் திடலுக்கு வந்தோர் 3 லட்சத்துச் சொச்சமே. ஒரே கோஷ்டி மூன்று முறை மலையேறி, மூன்று முறையும் தன் கையாலேயே ஏணியை விற்றது என்று சொல்லலாம்.

இக்காலத்திலோ வாயிற் காசு மட்டும் முதல் அன்று. தொலைக்காட்சிப் பணமும் விளம்பரப் பணமும் வந்தபின், வெற்றிக்கும் லாபத்துக்கும் உள்ள தூரம் இன்னும் கூடிற்று. கனடாவின் டொராண்டோ நகரத்துப் பனித்தரை ஹாக்கிக் கோஷ்டியான மேப்பிள் லீப்ஸ் 1967-ல் கோப்பை பெற்றதோடு சரி. 2025 வரை மறுமுறை பெறவில்லை. ஆயினும் அரங்கு நிரம்புகிறது. அச்சங்கத்தின் விலைமதிப்பு மிகுந்த கோஷ்டிகளின் முன்வரிசையில் அது எண்ணப்படுகிறது. தோற்றாலும் விடாத அன்பு முதலாளிக்கு முதலாகிறது. அந்த அன்பைக் கொடுத்தவனுக்குக் கிடைப்பது டிக்கட்டின் விலையேற்றம்.

வேறு வழியே இல்லையா? ஒன்று உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு லட்சம் அளவு மக்களே வாழும் கிரீன் பே என்னும் ஊரின் காற்பந்துக் கோஷ்டியை, 1923-ல் ஊராரே பங்கு வாங்கித் தங்களுடையதாக்கிக்கொண்டனர். அப்பங்குக்கு லாபப் பிரிவினை கிடையாது. விலையேற்றி விற்கவும் இயலாது. பெருநகரக் கோஷ்டிகளோடு அது நிலைத்து நிற்பதற்குக் காரணம், 1961 முதல் அச்சங்கத்தார் தேசத் தொலைக்காட்சிப் பணத்தை எல்லாக் கோஷ்டிக்கும் சமமாய்ப் பங்கிடுவது. கிரீன் பேயும் நெடுங்காலம் தோற்றதுண்டு. ஆனால் தோற்ற வருஷத்தில் அதை வேறூருக்குத் தூக்கிச் செல்ல எவராலும் முடியவில்லை. வெற்றி போகலாம், வரலாம். கோஷ்டி ஊரை விட்டுப் போகவில்லை.

ஓக்லந்து மக்களுக்கோ அந்தப் பேறு இல்லை. 2023-ல் கோஷ்டி 112 ஆட்டங்களிற் தோற்றது. 2024 செப்டம்பர் 26-ஆம் நாள் ஓக்லந்தில் அது கடைசி முறையாக ஆடியபொழுது, 46 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து கண்ணீரோடு வழியனுப்பினர். லாஸ் வேகஸ் நகரில் நிலையான இடம் தேடிக்கொண்டு, 2025 முதல் சாக்ரமெண்டோவின் அருகே தற்காலிகமாய் ஆடத் தொடங்கியது. கூட்டம் வரவில்லை என்று போகிறவர்களை வழியனுப்பவே அவ்வளவு கூட்டம்!

கோனி மாக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் கருத்தன்று. அவர் கெட்டவர் அல்லர், கையிற் பணமில்லாதவர். அத்லெட்டிக்ஸையும் அதற்கு முன் நடத்திய கோஷ்டியையும் சேர்த்து ஐம்பத்து மூன்று வருஷத்தில், அவர் வென்ற ஆட்டம் 3,731; தோற்றது 3,948. மேல்நிலைச் சங்கங்களில் அவரளவு வென்ற நிர்வாகியும் இல்லை. அவரளவு தோற்றவரும் இல்லை. கணக்கு எழுதும் நம்மைப் போன்றோர் இவ்விரு தொகைகளையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தால், மூன்றாவது பத்தி ஒன்று வெறுமையாய் இருப்பதைக் காண்போம். வெயிலில் நின்று கைதட்டியவன், தோற்ற நாளிலும் வந்தவன், தன் பிள்ளைக்கு வீரர்களின் பெயரைச் சொல்லிக் கொடுத்தவன், இவர்களுக்கு உரிய வரவு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

தோழர்களே! அடுத்த முறை நம் திடலில் 'வென்றவனுக்குப் பணம் கொட்டும்' என்று எவரேனும் சொன்னால், எவனுக்கு என்று கேளுங்கள். ஆடியவனுக்கா, பார்த்தவனுக்கா, உரிமைப் பத்திரத்தை வைத்திருப்பவனுக்கா என்று கேளுங்கள். நம் சிறு கோஷ்டிகளுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பந்து வாங்க ஆளுக்கொரு வெள்ளி போடுகிறோம், தோற்றாலும் மறு வாரம் கூடுகிறோம். அதை அற்பமென்று எண்ணாதீர்கள். அதை விற்க எவனாலும் முடியாது.